நாளங்காடியும் சதுரங்காடியும்

மேட்டூரில் சதுரங்காடி என்றொரு பகுதி உண்டு. பொதுக்கூட்டமும் ஆர்ப்பாட்டமும் நடக்கும் இடமாகவே பலரும் அதை அறிவார்கள். தமிழ் படித்தவனுக்கு அந்தப் பெயர் வேறொன்றையும் நினைவூட்டும். அங்காடி என்ற சொல்லை நம் ஊர்கள் பெரும்பாலும் பஜாருக்கும் மார்க்கெட்டுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டன. நியாயவிலைக் கடைப் பலகைகளில்தான் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த அணை நகரமோ அச்சொல்லைத் தன் பேச்சுவழக்கிலேயே வைத்திருக்கிறது. கடை எங்கே இருக்கலாம், வீடு எங்கே இருக்கலாம் என்று ஊர் வகுத்துக்கொண்ட விதிகளின் நெடிய வரலாற்றை இந்தப் பெயரிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனரும் பரதவரும் உப்பு விற்பவரும் நெய்பவரும் கைவினைஞரும் வாழ்கிறார்கள். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் வணிகர், மறையோர், உழவர் வாழும் தெருக்களும் உள்ளன. இரண்டுக்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த சோலையில், நாளங்காடி. மதுரைக்காஞ்சியில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி. இடத்தை மட்டுமன்று, நேரத்தையும் பகுத்திருக்கிறார்கள். இன்றைய நகரமைப்பாளர் ‘நிலப்பயன்பாட்டு மண்டலம்’ என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பெருமையோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. இடத்தைப் பகுத்த அதே மரபு மனிதரையும் பகுத்தது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது, ஊர்நத்தத்தோடு கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவற்றையும் தனித்தனியே குறிக்கின்றன. எல்லை வகுக்கும் கோல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

நவீன கால விதிகளின் பிறப்பிலும் அதே கேள்வி உண்டு. 1916-இல் நியூயார்க் நகரம் தன் முழுப் பரப்புக்கும் மண்டல விதி வகுத்தது. அதற்குக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் ஐந்தாம் அவென்யூவின் பெருங்கடைக்காரர்கள். தையல் ஆலைகளும் அவற்றின் தொழிலாளர்களும் தங்கள் வீதியில் நெருங்குவதை அவர்கள் விரும்பவில்லை.

அதே காலத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்தவர் பாட்ரிக் கெடிஸ். தஞ்சையில் அவர் சொன்ன வழி வேறு. நெரிசலைக் காரணம் காட்டித் தெருவையே இடித்துத் தள்ளாதீர்கள். இருப்பதைக் காத்து, தேவையான இடத்தில் மட்டும் சிறு சிகிச்சை செய்யுங்கள் என்பதே அவர் கருத்தின் சாரம். அவர் வந்து சென்ற சில ஆண்டுகளில், 1920-இல், சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் உருவானதுதான் தியாகராய நகர். மாம்பலத்து ஏரி நிலத்தை மேடாக்கி, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, 1920-களில் வீடுகளுக்காக வரையப்பட்ட நகரம் அது. அங்கே பின்னால் என்ன நடந்தது என்பதற்கு ரங்கநாதன் தெருவில் ஒரு தீபாவளி மாலை நடந்து பார்த்தவர்களே சாட்சி.

தியாகராய நகருக்கு ஏறத்தாழச் சமவயதுடையது இன்றைய மேட்டூர். 1925-இல் அணைப் பணி தொடங்கியது; 1934 ஆகஸ்ட் 21-இல் அணை திறக்கப்பட்டது. தேர்வீதியைச் சுற்றி வளர்ந்த ஊரன்று இது. அணை கட்ட வந்தவர்களுக்கான குடியிருப்பிலிருந்து விரிந்த ஊர். சேலம் கேம்ப் என்ற பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. 1936-இல் இரசாயன ஆலை வந்தது. 1987-இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மறுபுறம், நீர்மட்டம் வெகுவாகக் குறையும் கோடைகளில் பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். ஒரு திட்டத்துக்காகத் தங்கள் தெருக்களையே நீருக்குக் கொடுத்த மக்களின் நினைவு அது. திட்டம் என்றால் என்ன விலை என்பதை இந்த ஊருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்று நமக்குள்ள சட்டம் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம், திட்ட அனுமதி எல்லாம் அதன்வழி வருபவை. 2019-இல் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. 18.3 மீட்டருக்கு மேற்பட்டது உயரக் கட்டடம். அதற்கு முன்னுள்ள சாலை குறைந்தது 12 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். வாகனம் நிறுத்த இடம், பக்கவாட்டில் விடவேண்டிய வெளி, தீயணைப்பு வண்டி சுற்றிவர வழி என்று விதிகள் விரிகின்றன. ஏட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை இருப்பது விலக்கில். 1971 சட்டத்தின் 113-ஆம் பிரிவு, அரசு விரும்பினால் விலக்களிக்கலாம் என்கிறது. 1998-இன் திருத்தம் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1999 பிப்ரவரி 28 வரை எழுந்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்தலாம் என்றது அது. ஒருமுறை மட்டும் என்று சொல்லப்பட்ட சலுகை 2000, 2001, 2002 என்று அடுத்தடுத்து நீண்டது. 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் முதல் சலுகையை ஏற்று, நீட்டிப்புகளைச் செல்லாதவை என்றது. மறு ஆண்டே விதிமீறிய கட்டடங்களைக் காக்க ஓர் அவசரச் சட்டம் வந்தது. 2012-இல் 113-சி வந்து, எல்லைக்கோட்டை 2007 ஜூலை 1-க்கு நகர்த்தியது. விதிக்கு அஞ்சி இரண்டு மாடியோடு நிறுத்திக்கொண்டவன் ஏமாளியாகவும், அஞ்சாமல் ஏழு மாடி எழுப்பியவன் மதியூகியாகவும் ஆன கதை இது.

இதன் விலை பணம் மட்டுமன்று. 2017 மே 31-இல் தியாகராய நகரில் பெரிய துணிக்கடை ஒன்று விடியற்காலையில் தீப்பற்றி ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடம் பகுதி பகுதியாகச் சரிந்து, பின் முழுவதும் இடிக்கப்பட்டது. அது மாலை நேரமாக இருந்திருந்தால் என்ற நினைப்பே நடுக்கம் தருவது.

அதே தியாகராய நகரின் பாண்டி பஜாரில், 2013-இல் நடைபாதை வியாபாரிகள் அகற்றப்பட்டு ஒரு வளாகத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு 113-சி போன்ற ஒரு பிரிவு கிடையாது. மறு ஆண்டு, 2014-இல், மத்திய அரசின் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. நகர மக்கள்தொகையில் இரண்டரை விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கவேண்டும். விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களே இருக்கவேண்டும் என்கிறது அது. சட்டத்தின் மொழியில் நாளங்காடிக்கு மீண்டும் இடம் கிடைத்திருக்கிறது எனலாம். ஆயினும் வண்டிக்கடையை நொடியில் அகற்றும் கை, கோபுரம்போல் உயர்ந்த கடையின் முன் தயங்குவதை எந்த நகரத்திலும் காணலாம்.

இளங்கோ காட்டும் புகாரில் நாளங்காடிக்கு ஒரு காவல் பூதம் உண்டு, சதுக்கத்தில் இன்னொன்று. பொய்ச்சாட்சி சொல்பவரையும் ஒழுக்கம் தவறியவரையும் சதுக்கப் பூதம் பாசத்தால் கட்டி விழுங்கும். அது கட்டணம் பெற்றுக்கொண்டு விட்டுவிட்டதாகக் காப்பியத்தில் எங்கும் இல்லை. கடைத்தெருவுக்கு விதி போதாது, அதை வேண்டியவர் வேண்டாதவர் பாராமல் காக்கும் ஒன்றும் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

மேட்டூர் இன்னும் சிறிய நகரம்தான். அதன் சாலைகளில் இன்னும் நடக்க முடிகிறது. பெருநகரங்கள் தவறவிட்ட காலம் அதன் கையில் இன்னும் மிச்சமிருக்கிறது. சதுரங்காடிக்கு ஒரு சதுக்கப் பூதம் வேண்டும்; வண்டிக்கடைக்கும் வணிக வளாகத்துக்கும் ஒரே முகம் காட்டும் பூதம்.