நிழல் பிடிக்காத ராணி

நான் இப்போது வர்ணம் பூசிக்கொண்டிருப்பது முதலாம் எலிசபெத்துக்கு. உயரம் 28 மில்லிமீட்டர், போர் விளையாட்டுக்கான உலோகப் பொம்மை. 1588 ஆகஸ்டில், ஸ்பானியப் படையெடுப்பை எதிர்பார்த்துத் திரண்டிருந்த வீரர்களைப் பார்க்க டில்பரிக்கு வந்த ராணி இவர். (பிற்காலத்தில் கொழும்பிலிருந்து கப்பல்கள் வந்து நின்ற அதே டில்பரிதான்!)

இத்தனை சின்ன முகத்தில் அறை வெளிச்சத்தால் கண்ணும் கன்னமும் எடுபடாது. பழுப்பு வர்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிட்டு, நாமே நிழல் போடவேண்டும்.

எலிசபெத்துக்கோ நிழலே பிடிக்காது. தன்னை வரையும்போது மரநிழல்கூட விழாத திறந்த தோட்டத்தில் உட்கார்ந்தார் என்று அவருடைய ஓவியர் நிக்கலஸ் ஹில்லியர்ட் எழுதியிருக்கிறார். அவர் 1572இல் வரைந்த, உள்ளங்கைக்குள் அடங்கும் படம் லண்டன் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரியில் இருக்கிறது. பாருங்கள், முகம் வெள்ளைத்தாள் மாதிரி.

இதை வெறும் அழகு ஆசை என்று நான் நினைக்கவில்லை. கல்யாணமில்லை, வாரிசில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தால் 'அடுத்தது யார்?' என்று நாடே கேட்கும். 1596இல் ராணியைப் பொருத்தமில்லாமல் காட்டும் படங்களை அழிக்கச் சொல்லி அரச ஆலோசனைச் சபையே உத்தரவிட்டது.

ஆனால் டில்பரியில் வீரர்கள் முன்னால் வந்து நின்றவருக்கு வயது 54. கண்ணுக்குக் கீழே பழுப்பை ஓடவிட்டேன், கொஞ்சம் தாராளமாகவே.