எக்ஸ்எம்மா, சிரியஸா?

அமெரிக்காவில் 2002-ல் சாட்டிலைட் ரேடியோ வேணும்னா இரண்டே வழிதான். எக்ஸ்எம், மாசம் 9.99 டாலர், சிரியஸ், 12.95. எக்ஸ்எம்மின் இரண்டு செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நின்றன. சிரியஸின் மூன்றும் நீள்வட்டப் பாதையில் மாறி மாறி வட அமெரிக்காவின் உச்சிக்கு வந்தன. கட்டட மறைப்பு கொஞ்சம் குறைவு. என்னை மாதிரி ஆசாமி இதையெல்லாம் உட்கார்ந்து ஒப்பிட்டிருப்பான். ஆனால் பலருக்கு முடிவு கார் ஷோரூமிலேயே ஆகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் என்றால் எக்ஸ்எம், ஃபோர்டு என்றால் சிரியஸ். ஒன்றின் பெட்டியில் மற்றது பாடாது.

இத்தனைக்கும் 1997-ல் உரிமம் கொடுத்தபோதே, இரண்டையும் பிடிக்கிற ரிசீவரை வடிவமைக்கணும்னு எஃப்சிசி நிபந்தனை போட்டிருந்தது. வடிவமைக்கணும்னுதான், விற்கணும்னு இல்லையே! 2008 ஜூலையில் கம்பெனிகள் ஒன்றான பிறகும், காரில் இருந்த பழைய பெட்டிகள் தத்தம் செயற்கைக்கோளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன.