முதியோர் புறநோயாளிச் சிகிச்சையும் அரசுக் காப்பீடும்: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் காப்பீட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 2009 ஜூலை 23-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தையே தொடக்கமாகக் கொள்கின்றனர். பின் 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, 2018-இல் ஆயுஷ்மான் பாரத் இணைப்பு, 2024 அக்டோபர் 29 முதல் வருமான வரம்பின்றி 70 வயது நிரம்பியோருக்கு 5 லட்சம் ரூபாய் என வரலாறு ஏறுமுகமாகவே சொல்லப்படுகிறது. புறநோயாளிச் சிகிச்சை இவற்றுள் ஏன் இல்லை? காப்பீடு எப்போதோ வரும் பெருஞ்செலவுக்கானது, மாதாமாதம் வாங்கும் பிரஷர், சுகர் மாத்திரை அதன் இயல்புக்கு ஒவ்வாது, அதற்கு அரசு மருத்துவமனை ஓ.பி. இருக்கிறது என்பதே இவ்வாசிப்பு தரும் விடை.

விடையின் பிற்பாதியில் நியாயம் உண்டு. திருத்தணி அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்குக் கட்டணமில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது. ஆனால் முற்பாதி தவறு. தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்தும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) முழுமையான காப்பீடுதான். 1948-இல் சட்டமாகி 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்த நாள்முதல் மருந்தகத்தில் புறநோயாளியைப் பார்ப்பது அதன் அடிப்படைப் பணி. கலைஞர் காப்பீட்டுக்கு அரை நூற்றாண்டு மூத்த இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு 'இயல்பு' பேசுவது வரலாறாகாது.

முதியோரைப் பொறுத்தவரை முதன்மைச் சான்று இ.எஸ்.ஐ. மத்திய விதிகளில் 61-ஆம் விதி. ஐந்தாண்டுக்குக் குறையாமல் காப்பீடு பெற்று, ஓய்வு வயதில் வேலையை விட்டவர் மாதம் பத்து ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 120 ரூபாயை முன்கூட்டியே கட்டினால், அவருக்கும் துணைவருக்கும் மருத்துவப் பயன் தொடரும். உள்நோயாளியாகச் சேர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதியவரின் ஓ.பி. செலவைக் காப்பீட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

மாநிலத் திட்டத்தின் பட்டியலும் ஊன்றிப் படிக்கத்தக்கது. 2012-இல் 1,016 சிகிச்சைகளோடு 113 தொடர் சிகிச்சைகளும் 23 பரிசோதனைகளும் இடம்பெற்றன. பிந்தைய பட்டியலில் சிகிச்சைகள் 1,090, பரிசோதனைகள் 52, தொடர் சிகிச்சைகளோ 8. வீடு திரும்பியவர் மீண்டும் மீண்டும் மருத்துவரிடம் வருவதுதான் தொடர் சிகிச்சை. புறநோயாளிப் பராமரிப்புக்கு மிக நெருங்கியது அதுவே. எண் குறைந்ததால் பயனும் குறைந்தது என்று உடனே முடிவு கட்ட மாட்டேன். பல தொகுப்புகள் ஒன்றாக்கப்பட்டிருக்கலாம். ஆயினும் பரிசோதனை பெருக, தொடர் சிகிச்சை சுருங்கிய இப்பட்டியலை வைத்துக்கொண்டு ஏறுமுகக் கதையைச் சொல்ல முடியாது.

புறநோயாளிச் சிகிச்சை காப்பீட்டுக்கு வெளியே நிற்பதன் விளைவு திருத்தணி வட்டாரத்தில் கண்கூடு. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதி இது. இன்று எல்லைக்கு அப்பால் நகரியில் ஆந்திரத்தின் என்.டி.ஆர். வைத்திய சேவை (முன்பு ஆரோக்கியஸ்ரீ), இப்பால் முதலமைச்சர் காப்பீடு. 61-ஆம் விதியோ இருபுறமும் ஒன்றே. ஆனால் அது எட்டுவது சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவருக்கு மட்டும். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் வாழ்நாள் முழுக்கத் தறி ஓட்டியவர்களில் பலர் பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்த கூடங்களில் இருந்தவர்கள். இ.எஸ்.ஐ. அவர்களைத் தொடவில்லை. முழங்கால் வலிக்கோ கண் மங்கலுக்கோ மாலையில் தனியார் கிளினிக் போனால் ஊசிக்கும் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் கைக்காசுதான். மடியில் இருக்கும் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது.

எனவே தடையாக இருப்பது காப்பீட்டின் இயல்பல்ல, யாரைச் சேர்ப்பது என்ற முடிவு என்பதே என் வாசிப்பு. 61-ஆம் விதியின் கதவை நெசவாளர் நல வாரிய உறுப்பினர்களுக்கும் திறக்க வேண்டும். அவர்களுக்கான சந்தாவை அரசே கட்டலாம். அதுவரை, இ.எஸ்.ஐ.யில் ஐந்தாண்டு இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வீட்டில் இருந்தால், ஓய்வுச் சான்றோடும் 120 ரூபாயோடும் கிளை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.