மிச்சம் மூன்று பேர்

பாரிஸில் தோல்பாக் பிரபுவின் வீட்டு விருந்து. ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம், நாத்திகர்கள் இருப்பதாகவே தான் நம்பவில்லை, ஒருவரையும் பார்த்ததில்லை என்கிறார். இங்கே எத்தனை பேர் என்று எண்ணச் சொல்கிறார் தோல்பாக். 18. அதில் 15 பேர் நாத்திகர்கள், மிச்சம் 3 பேர் இன்னும் முடிவு பண்ணவில்லை என்று பதில் வருகிறது. 1765-ல் திதரோ தன் தோழிக்கு எழுதிய கடிதத்தில் உள்ள கதை இது.

எனக்கு அந்த மூன்று பேர் மேல்தான் கண். ஐயவாதி என்றால் தைரியம் போதாத நாத்திகர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஹியூம் விஷயத்தில் அது பொருந்தவில்லை. 1745-ல் எடின்பரோவில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்காமல் போனதே நாத்திகர் என்ற புகாரால்தான். பாரிஸிலோ அவர் அரைகுறை! தோல்பாக் கேட்டது, கடவுள் உண்டா? பதில், இல்லை, இயற்கையும் அதன் விதிகளும் மட்டுமே. ஹியூம் கேட்டது, அது உனக்கு எப்படித் தெரியும்? ஒரு பந்து இடித்தால் இன்னொன்று உருளும் என்று எதிர்பார்ப்பதே பழக்கத்தால்தான் என்றவர் அவர். பாதிரியாரை மடக்கிய அதே கேள்வி தோல்பாக்கையும் விடாது.

பயமே இல்லையா என்றால், இருந்தது. இயற்கை மதம் பற்றிய உரையாடல்களை உயிரோடிருந்தவரை அவர் வெளியிடவில்லை. 1776-ல் இறந்தார், புத்தகம் 1779-ல் வந்தது. இனி யாரும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. அதிலும், உலகின் ஒழுங்குக்கான காரணம் மனித அறிவை எங்கோ தூரத்தில் ஒத்திருக்கலாம் என்பதோடு ஐயவாதி ஃபிலோ நிறுத்திக்கொள்கிறார். 'இல்லை' என்று சொல்லவில்லை.