ரயிலும் விறகும் சீமைக் கருவேலமும்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை காலி மனை, கால்வாய்க் கரை, ரயில் பாதை ஓரம் என்று எங்கே பார்த்தாலும் ஒரு முள்மரம் நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனாலும் மே மாத வெயிலில் பச்சையாகவே இருக்கும். அதுதான் சீமைக் கருவேலம். இதற்கு எங்கிருந்து வந்தது இந்தத் தெம்பு?

பாதி விடை பெயரிலேயே இருக்கிறது நண்பர்களே. சீமை என்றால் வெளிநாடு. மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவற்றின் வறண்ட நிலங்கள்தான் இதன் தாயகம்.

இங்கே வந்த கதைக்குப் பின்னால் விறகுப் பஞ்சம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்தக் கால எஞ்சின்கள் விறகையும் தின்றன. பாதை நீள நீள, சென்னை மாகாணக் காடுகள் குறைந்தன. வறண்ட மண்ணிலும் விறகு தரும் மரம் தேவைப்பட்டது. 1876-இல் வன அதிகாரி பெடோம் இந்த மரத்தைப் பரிந்துரைத்தார். அடுத்த ஆண்டே கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள்.

"நம்ம ஊர் வெயிலில் நின்று நின்று பழகிவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை! ஒரு மரம் தன் வாழ்நாளில் பழகிக்கொள்வது விதைக்குள் போய்ச் சேராது. தாயகத்தில், எத்தனையோ தலைமுறைகளாக, வெயிலைத் தாங்கும் மரபணு இருந்த மரங்களே பிழைத்து விதை போட்டன. தாங்காதவை அழிந்தன. அந்தச் சொத்தோடுதான் இது கப்பலேறியது.

சூடு ஏறினால் செல்லில் உள்ள புரதங்கள் உருக்குலையும். அப்போது சில மரபணுக்கள் விழித்து, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை' உண்டாக்கும். நெல்லிலும் இது உண்டு. எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகம் என்பதில்தான் செடிக்குச் செடி வித்தியாசம்.

சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிதாவின் குழு இந்த மரத்தையே ஆராய்ந்தது. வறட்சியில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று 2007-இல் வெளியிட்டார்கள். அதில் ஒன்றைப் புகையிலைச் செடிக்குள் செலுத்தியபோது, அந்தச் செடி வறட்சியைக் கூடுதலாகத் தாங்கியது. அது 2010-இல் வெளிவந்தது.

இது நமக்கு எதற்கு? பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் நெல் பதராகப் போகும் ஆபத்து அதிகம். சென்னையோ 2003 மே 31 அன்று 45 டிகிரியைப் பார்த்த ஊர்.

நீர்நிலைகளில் இருந்து இந்த மரத்தை அகற்றத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அன்று விறகுக்காக வரவழைத்த மரம், நாளைக்கு நம் சோற்றுக்கும் வழி காட்டலாம். வெட்டும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.