தோட்டா இல்லாத துப்பாக்கி

சென்ற மாதம் ஜிம் கார்பெட் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். "வெள்ளைக்காரன் காலத்து இரட்டைக்குழல் ரைபிளெல்லாம் சீமையில் வீடு வாங்குகிற விலைக்குப் போகிறதாம். ஆனால் அதற்குத் தோட்டா தேடி அலைகிறார்களாம். ஏன் ஐயா அப்படி?" என்றார்.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் துப்பாக்கிப் பட்டறையில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி ஒரு சர்க்கார் உத்தரவில் இருக்கிறது. வேலைக்காலம் முழுதும் சர்க்கார் உத்தரவுகளை நகலெடுத்தே கழித்தவன் என்பதால் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் ருசி உண்டு.

முதலில் தோட்டா என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். அதில் நான்கு உறுப்புகள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டுப் போல் பதிந்த கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. ஊசி கேப்பில் அடிக்கிறது, கேப்பு பொறி விடுகிறது, மருந்து எரிகிறது, குண்டு பாய்கிறது. நான்கில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துப்பாக்கியும் வெறும் இரும்புத் தடிதான்.

மருந்துக்கு பிரெஞ்சில் 'பூத்ர்' என்று பெயர், அதாவது பொடி. பல நூற்றாண்டுகளாக அது வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கரும்பொடியாகத்தான் இருந்தது. யானை வேட்டைக்குப் போனவர்கள் ஆறு, ஏழு கிலோ எடையுள்ள பெருந்துப்பாக்கிகளைத் தூக்கிப் போனார்கள். ஒரு தடவை சுட்டால் எதிரே புகை மண்டிவிடும். யானை விழுந்ததா, வருகிறதா என்று புகை விலகிய பிறகுதான் தெரியும். அந்த இரண்டு மூன்று விநாடியில் உயிர் விட்டவர்கள் உண்டு.

1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டில் பிரெஞ்சு ராணுவத்துக்கு லெபெல் துப்பாக்கி வந்துவிட்டது. இங்கிலாந்து சும்மா இருக்குமா? 1889-இல் ஏபெல், டூவர் என்ற இரு விஞ்ஞானிகள் கார்டைட் என்ற மருந்தைச் செய்தார்கள். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு. இது பொடியே அல்ல. சேமியா போல் நீண்ட இழைகள். அந்த இழைகளைக் கட்டாகக் கூட்டுக்குள் செருகுவார்கள். நம் நீலகிரியில் குன்னூருக்கும் கேத்திக்கும் நடுவே, மலை ரயில் நிற்கும் அருவங்காட்டில் 1903-04 வாக்கில் எழுந்த தொழிற்சாலை இந்தக் கார்டைட்டுக்காக எழுந்ததுதான். பெயரே கார்டைட் ஃபாக்டரி.

1898-இல் லண்டன் ஜான் ரிக்பி கம்பெனியார் இந்த மருந்தைப் பெருவேட்டைக்குக் கொண்டுவந்தார்கள். '450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்' என்று பெயர். 70 கிரெய்ன் கார்டைட், 480 கிரெய்ன் குண்டு. கிராமும் மில்லிமீட்டரும் படித்து வளர்ந்தவன் நான், அதனால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்: நாலரை கிராம் மருந்து, 31 கிராம் குண்டு, குழலின் உள்விட்டம் ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். விநாடிக்கு 650 மீட்டர் வேகம். புகையும் இல்லை, துப்பாக்கியின் எடையும் ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிட்டது. வேட்டைக்காரர்கள் எல்லாரும் 450-ஐக் கேட்டு வாங்கினார்கள். அப்படியே போயிருந்தால், உலகமெல்லாம் ஒரே தோட்டா ஓடியிருக்கும். நண்பரின் கேள்விக்கும் இடமிருந்திருக்காது.

இங்கேதான் சர்க்கார் குறுக்கே வந்தது. அப்போது ராணுவத்தில் பழையதாகிப் போன மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குண்டும் இதே 450 அளவு. அந்தத் துப்பாக்கிகள் வடமேற்கு எல்லைப் பழங்குடிகள் கையிலும் சூடானிலும் ஏராளமாக இருந்தன. வேட்டைக்கென்று வரும் 450 குண்டு திருட்டுத்தனமாக அங்கே போய், தங்கள் சிப்பாய் மேலேயே திரும்பிவிடுமோ என்று துரைத்தனத்துக்குப் பயம். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் இந்தியரிடமிருந்து உரிமமில்லாத துப்பாக்கியைப் பிடுங்கி, ஐரோப்பியருக்கு மட்டும் விலக்குக் கொடுத்த அதே பயம்தான் இது. 1907-ஐ ஒட்டி இந்தியாவுக்கும் சூடானுக்கும் 450 அளவுத் தோட்டாவும் துப்பாக்கியும் வரக்கூடாது என்று தடை விழுந்தது.

பெருவேட்டைத் துப்பாக்கிக்கு இந்தியாதான் பெரிய சந்தை. அதை விடுவார்களா கம்பெனிக்காரர்கள்? தடையின் எல்லையைத் தாண்டிய அளவில் ஆளுக்கொரு தோட்டா செய்தார்கள். ஹாலந்து கம்பெனி 465 செய்தது. ஜோசப் லாங் 470. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 476. இவை போக 475 என்று ஒன்று, 475 இரண்டாம் எண் என்று இன்னொன்று, அதிலேயே ஜெஃப்ரி கம்பெனியாருக்கென்று தனியாக வேறொன்று. வேலையெல்லாம் ஒரே வேலைதான். யானைக்கு இவற்றில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்றின் தோட்டா இன்னொன்றில் போகாது.

பெயரை நம்பியும் வாங்க முடியாது. 470 என்று பெயர், குண்டின் விட்டமோ அங்குலத்தில் .475. 475 இரண்டாம் எண்ணுக்கு .483. ஜெஃப்ரியின் தோட்டாவுக்கு .488. லாங் தன் 470-ஐ மற்றக் கம்பெனிகளும் செய்ய விட்டார். அதனால் அது பரவியது, இன்றும் பிழைத்திருக்கிறது. மற்றவை தாய் வீடு இல்லாத பிள்ளைகளாயின.

தோட்டா இருக்கும்போதே அதன் அருமை தெரிந்தவர் கார்பெட். அதே 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போனபோது அவர் கையில் 500 எண் கார்டைட் ரைபிள், தோட்டாக்கள் மூன்றே மூன்று. 436 பேரைக் கொன்ற புலி அது. மூன்றும் தீர்ந்த பிறகு, ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்துதான் கதையை முடித்தார். பக்கத்தில் ஒரு தாசில்தார் இருந்தது அவர் அதிர்ஷ்டம்.

பர்மிங்ஹாமின் கைனோக் தொழிற்சாலைதான் இந்தத் தோட்டாக்கள் எல்லாவற்றுக்கும் தாயகம். 1947-இல் இந்தியா போயிற்று, பிறகு ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. 1956-இல் அமெரிக்காவின் 458 வின்செஸ்டர் மலிவாக வந்தது. 1960-களில் கைனோக் பெருவேட்டைத் தோட்டாக்களைப் படிப்படியாக நிறுத்தியது. 1972-இல் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1977-இல் கென்யா வேட்டையைத் தடைசெய்தது. துப்பாக்கி இருந்தது, தோட்டா நின்றுபோயிற்று.

இன்று சேகரிப்பவர்கள் நான்கு உறுப்பையும் தனித்தனியாகத் தேடுகிறார்கள். பழைய கூடு கிடைத்தால் அதில் பெர்டன் வகைக் கேப்பு. இப்போது எங்கும் விற்பது பாக்ஸர் வகை. இதில் ஒரு வேடிக்கை: பெர்டன் அமெரிக்கர், அவர் கேப்பு ஐரோப்பாவில் ஓடியது, பாக்ஸர் ஆங்கிலேயர், அவர் கேப்பு அமெரிக்காவில் ஓடியது. பழைய கேப்பில் பாதரசம் இருந்திருந்தால், ஒரு தடவை சுட்டதுமே பித்தளை நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஆகவே புதுக் கூடு வேண்டும். ஆஸ்திரேலியாவில் பெர்ட்ராம் கூடு செய்தார், வூட்லீ குண்டு செய்தது. கைனோக் பெயரிலேயே இங்கிலாந்தில் ஒரு சிறிய நிறுவனம் மறுபடியும் தோட்டா தயாரிக்கிறது.

எல்லாம் கிடைத்தாலும் மருந்தில் ஒரு சிக்கல். இரண்டு குழலும் நேர் இணையாக ஒட்டப்பட்டவை அல்ல. முனையில் மயிரளவு நெருங்கும்படி வைத்து, சுட்டுப் பார்த்து, உருக்கி நகர்த்தி, மறுபடி சுட்டுப் பார்த்து, இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழும் வரை சரி செய்வார்கள். அதற்குப் பயன்பட்ட மருந்தின் அளவையும் குண்டின் எடையையும் குழலின் அடிப்புறத்தில் பொறித்துவிடுவார்கள். கார்டைட் போய் வேறு மருந்து வந்தால் வேகம் மாறும். வேகம் மாறினால் இரு குழலும் இரு திசையில் அடிக்கும். யானை இருபது அடியில் நிற்கும்போது அது சின்ன விஷயமா?

நம் நாட்டிலும் பழைய ஜமீன் வீடுகளில் இத்தகைய துப்பாக்கிகள் உண்டு. தாத்தா பெயரிலிருந்து அப்பா, அப்பா பெயரிலிருந்து பிள்ளை என்று உரிமம் மாற்றி, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குகிறார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் தோட்டாவின் உறுப்புகளும் அடங்கும். எனவே யார் வீட்டுப் பரணிலாவது தாத்தா வைத்த பழைய தோட்டாப் பெட்டி அகப்பட்டால், பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். பெட்டி மேல் எழுதியுள்ள எண்ணை மட்டும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 465-ஆ, 470-ஆ, 475-ஆ என்ற அந்த எண்ணில்தான், நம்மைக் கண்டு பயந்த ஒரு சர்க்காரின் உத்தரவு இன்னும் எழுதியிருக்கிறது.