படையணி கலைந்த பிறகு அவர்கள் எங்கே போனார்கள்?



கொழும்பு கொம்பனித்தெருவில் மலே வீதி, ஜாவா லேன், ரைபிள் வீதி என்ற பெயர்களை நம்மில் பலர் தினமும் கடந்து போகிறோம். இவை ஒரு படையணியின் நினைவுகள்.

ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா, அம்போன் போன்ற தீவுகளிலிருந்து படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்களே நமது மலாய் மக்கள். நம் பெரியவர்கள் 'ஜாவா மனுசர்' என்பார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்தபின் அவர்களும் இவர்களைப் படையில் சேர்த்தார்கள். அந்தப் படைதான் பின்னர் இலங்கை ரைபிள் படையணி ஆனது. பல குடும்பங்களில் தகப்பன், மகன், பேரன் என்று எல்லோருக்கும் ஒரே தொழில், சிப்பாய் வேலை.

1873 இல் அந்தப் படையணி கலைக்கப்பட்டது. செலவு அதிகம், ஆட்சேர்ப்பும் கடினம் என்று அரசு கணக்குப் பார்த்தது. துப்பாக்கி தவிர வேறு வாழ்க்கை அறியாத குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சமூகம் சிதறிப் போகவில்லை. ஏன்?

முதற்காரணம், படையணிக்குள்ளேயே பாடசாலை இருந்தது. சிப்பாய்களின் பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் படித்தார்கள். 1869 இலேயே அரபு எழுத்தில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் வெளியிட்டார். வாசிக்கத் தெரிந்த சமூகம் இல்லாமல் பத்திரிகை வருமா?

இரண்டாவது, வெளியே ஒரு கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. 1864 மார்ச் 21 அன்று மாவனெல்லையில் சரதியலைப் பிடிக்கப் போய் உயிரிழந்த கொன்ஸ்டபிள் துவான் சபான் ஒரு மலாயர். கடமையில் உயிர்நீத்த நாட்டின் முதல் பொலிஸ்காரராக இன்றும் நினைவுகூரப்படுகிறார். 1866 இல் பொலிஸ் சேவை புதிதாக ஒழுங்கமைக்கப்பட்டது. படையணி கலைந்ததும் பலர் பொலிஸுக்கும் சிறைச்சாலைக்கும் தீயணைப்புப் படைக்கும் தோட்ட மேற்பார்வைக்கும் போனார்கள். படையில் பழகிய ஒழுக்கம் அங்கே நேரடியாக உதவியது.

அடுத்த தலைமுறையில் பலன் தெரிந்தது. கொழும்பு ஸாஹிராவை 1921 முதல் 1948 வரை அதிபராக நடத்திய ரீ.பி. ஜாயா, பொலிஸில் பணியாற்றிய ஒரு மலாயரின் மகன்.

இதற்கொரு விலையும் இருந்தது. அரச சீருடையையே நம்பியதால் வியாபாரத்திலும் காணியிலும் அந்தச் சமூகம் பின்தங்கியது. ஒரு கதவு போதாது.

இதை இன்று நினைவுபடுத்தக் காரணம் உண்டு. சுமார் 2 இலட்சமாக இருந்த இராணுவத்தை 2030க்குள் 1 இலட்சமாகக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்தது. நாற்பது வயதில் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானோர், எந்த இனத்தவராயினும், நம் அயலவர்களே. படையில் டோசர் ஓட்டியவருக்கும் வயரிங் செய்தவருக்கும் தொழில் தெரியும், கையில் சான்றிதழ்தான் இல்லை. முன்அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, நம் கடைகளிலும் வேலைத்தலங்களிலும் ஓர் இடம் கொடுப்பது, இவை நம்மால் முடிந்தவை.

சீருடை கழற்றும் நாளுக்கு முன்பே அடுத்த வேலைக்கான கல்வி தொடங்க வேண்டும். கொம்பனித்தெருவின் பெயர்ப்பலகைகள் நமக்குச் சொல்வது அதுதான்.